மணல், ஓலை, அச்சு

(தரங்கம்பாடியில் மாணவ ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தரங்கம்பாடிக்குப் பேச வருகிறவர்கள் ‘அலைகள் பாடும் ஊர்’ என்றுதான் தொடங்குவார்கள். கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும். அதனால் அலையை விட்டுவிடுகிறேன். அது பாட்டுக்குப் பாடட்டும். நான் கரையில் கிடக்கும் மணலிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘ஆசிரியர் பயிற்சியில் சமூக ஊடகம்’. தலைப்பைச் சொல்லக் கூப்பிட்ட ஆசிரியை, “சார், பிள்ளைங்க எந்நேரமும் போனும் கையுமா இருக்காங்க, கொஞ்சம் அறிவுரை சொல்லுங்க” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இன்று காலை மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வரும்போது நானும் பாதி வழி போனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று ஆசிரியர் குழுக்கள். ராத்திரிக்குள் நூற்றுச் சொச்சம் செய்திகள் சேர்ந்திருந்தன. ரோஜாப்பூவோடு காலை வணக்கம் பன்னிரண்டு. ஒரே சுற்றறிக்கை நான்கு பேர் கையால் நான்கு தடவை. ஓய்வூதியம் பற்றிய சண்டை ஒன்று. இவ்வளவுக்கும் நடுவில் யாரோ ஒரு ஆசிரியர் ஒரு வரி கேட்டிருந்தார்: “என் வகுப்பில் ஒரு பையன் ‘கொ’வைக் ‘கெ’ என்றே வாசிக்கிறான், துணைக்காலைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான், என்ன செய்யலாம்?” அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதன் தலையிலேயே அடுத்த ரோஜாப்பூ வந்து விழுந்துவிட்டது.

நான் பேச வந்தது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். தொழிலைக் கற்றுக்கொள்ள ஒருவர் எங்கே போய்க் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டது காணாமல் போகாமல் இருக்க என்ன வழி? இதற்கு விடை தேடி வெளிநாடு போகவேண்டாம். இந்த ஊர் ராஜவீதியில் முந்நூறு வருடத்துக்கு முன்னால் நடந்ததைப் பார்த்தால் போதும்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி, ஜெர்மனியில் பிறந்த இரண்டு இளைஞர்கள் டென்மார்க் அரசர் அனுப்பி இங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்க், புளூட்சோ. கோட்டை ஏற்கெனவே இருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. வந்தவர்களுக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சீகன்பால்க் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிள்ளைகள் வரிசையில் அவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலால் மணலில் ‘அ’ போட்டார். சில மாதங்களில் பேசவும் படிக்கவும் தொடங்கிவிட்டார்.

அவர் வந்தது மதம் பரப்ப. அதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். நான் பார்ப்பது அவர் கற்ற விதத்தை. பெரிய படிப்பு படித்த ஒருவர், தெரியாது என்பதை ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு 1712 முதல் 1714 வரை இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி ஓலைக் கடிதங்களாகப் பதில் வாங்கினார். அதே காலத்தில்தான் இங்கே அச்சுக்கூடமும் வந்தது. முதலில் மணல், அடுத்து ஓலை, கடைசியில் அச்சு. திண்ணைப் பிள்ளைகளுக்கும் வரிசை அதுவேதான்: மணலில் கை திருந்திய பிறகுதான் எழுத்தாணி பிடிக்க விடுவார்கள். 1716இல் உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்க இந்த ஊரில் ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். ஆக, தரங்கம்பாடியில் மாணவ ஆசிரியர்களாக உட்கார்ந்தவர்களில் நீங்கள் முதல் ஆட்கள் இல்லை.

உங்கள் கையில் இருக்கும் போனில் இந்த மூன்றும் இருக்கின்றன. சிக்கல், மூன்றும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதால் எது மணல், எது ஓலை, எது அச்சு என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மணலில் எழுதவேண்டியதை அச்சில் போட்டுவிடுகிறோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்.

மணல்

மணலின் குணம் என்ன? தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று. அடுத்த எழுத்துக்கு இடம் சுத்தமாக இருக்கிறது. பிள்ளைக்குத் தப்பு செய்யப் பயம் இல்லை. தொழில் பழகுகிறவனுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

நம்முடைய குழுக்கள் அப்படியா இருக்கின்றன? முந்நூறு பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில், தலைமையாசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, “எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க வரவில்லை” என்று எந்த மாணவ ஆசிரியை எழுதுவார்? எழுதினால் அது அழியாது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். அதனால்தான் அங்கே ரோஜாப்பூ மட்டும் பூக்கிறது.

சிறிய குழு வையுங்கள். எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மதிப்பெண் போடுகிறவர் யாரும் அதில் வேண்டாம். பேராசிரியர்கள் மன்னிக்கவேண்டும். செய்திகள் சில நாளில் தானாக மறையும்படி அமைத்துக்கொள்ளலாம். அந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. அதுதான் உங்கள் மணல்.

அப்படி ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவ ஆசிரியை கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு கிராமத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்தார். பாடம், கழித்தல். நாற்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு? ஒரு பெண் முப்பத்தைந்து என்று எழுதினாள். திருத்தினார். அடுத்த கணக்கிலும் அதே மாதிரித் தப்பு. மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் அந்தக் கணக்கு மட்டும் தெரிகிற மாதிரி நோட்டைப் படம் எடுத்து, பெயரில்லாமல், குழுவில் போட்டு, “எப்படி முப்பத்தைந்து வருகிறது?” என்று கேட்டார்.

ஒரு தோழி, நிறையப் பயிற்சி கொடு என்றார். இன்னொருவர் ஒரு யூடியூப் சுட்டி அனுப்பினார். மூன்றாவது ஆள் கேட்டதுதான் கேள்வி: “அந்தப் பிள்ளையையே கேட்டியா?”

மறுநாள் கேட்டார். அவள் தயங்காமல் சொன்னாள்: “ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்.” பாருங்கள், அது கவனக்குறைவு இல்லை. அந்தப் பிள்ளை ஒரு விதி வைத்திருக்கிறாள். விதி தப்பு, ஆனால் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறாள். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அந்தத் தப்பையே இன்னும் நன்றாகப் பழகிக்கொள்வாள்.

“பக்கத்து வீட்டில் கடன் வாங்கணும்” என்று ஆசிரியை சொல்லிப் பார்த்தார். நாம் எல்லோரும் அப்படித்தானே படித்தோம்? அவள் கேட்டாள், “எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?” அன்று ராத்திரி குழுவில் இதைப் போட்டதும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி எழுதினாள்: “உன் ஸ்கூல் பிள்ளைங்க நடவு பார்த்தவங்கதானே? நாத்து முடி வச்சுச் சொல்லிப் பாரு.”

அடுத்த நாள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டு போனார். பத்து குச்சி ஒரு முடி. நான்கு முடி, இரண்டு உதிரி. “பதினேழு குச்சி எனக்குக் கொடு.” உதிரி இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு முடியை எடுத்து நாரை அவிழ்த்தாள். அவளுடைய அம்மா நடவு வயலில் தினமும் செய்கிற காரியம் அது. இப்போது உதிரி பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. மூன்று முடியில் ஒன்று போக இரண்டு. இருபத்தைந்து.

இந்த விடை எந்தப் பாடநூலிலிருந்தும் நேராக வரவில்லை. காணொளியிலிருந்தும் வரவில்லை. ஒரு தோழியின் கேள்வி, அந்தப் பிள்ளையின் பதில், டெல்டாவில் பிறந்த இன்னொரு தோழியின் ஞாபகம் எல்லாம் சேர்ந்து ஐந்து நாளில் வந்தது. ஆசிரியை திரும்பி வந்து குழுவில் சொன்னதால்தான் மற்ற ஏழு பேருக்கும் அது பாடமாயிற்று. கேட்டுவிட்டுத் திரும்பி வராதவர்கள்தான் குழுக்களைக் கொல்கிறார்கள். பலனைச் சொல்லுங்கள். பலிக்கவில்லை என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

குழுவில் பேசாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேனே, அது குற்றமா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் ஒரு நூல் எழுதினார்கள். அதில் லைபீரியா நாட்டுத் தையல்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களைப் பற்றி வருகிறது. வந்த அன்றே கத்தரிக்கோலைக் கையில் கொடுப்பதில்லை. முதலில் பொத்தான் தைப்பது, ஓரம் மடித்து அடிப்பது. பிறகு தையல். கடைசியில்தான் துணி வெட்டுவது. ஓரத்தில் நிற்பதும் கற்றலின் ஒரு படிதான். ஆனால் கவனியுங்கள், ஓரத்தில் நின்ற பையன் கையிலும் ஊசி இருந்தது. நீங்கள் ஓரத்தில் நின்றாலும் ஒரு பொத்தானாவது தையுங்கள்: ஒரு பாடலைத் தட்டச்சு செய்து கொடுங்கள், தோழி கேட்ட துணைக்கருவியைச் செய்து படம் அனுப்புங்கள்.

ஓலை

எல்லாக் கேள்விக்கும் எட்டுப் பேரிடம் விடை இருக்காது. அப்போது தெரிந்தவரைத் தேடிப் போய்க் கேட்கவேண்டும். அதைத்தான் ஓலை என்கிறேன். ஓலைக்கு முகவரி உண்டு. பெறுகிறவர் இன்னார் என்று தெரிந்து எழுதுவது.

முன்பு சொன்ன அந்தக் கடிதப் போக்குவரத்தில் வந்த பதில்கள் தொண்ணூற்றொன்பதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகரத்தில் அச்சிட்டார்கள். வழிபாடு, குடும்பம், படிப்பு, வைத்தியம் என்று இந்த மண்ணின் வாழ்க்கையைப் பற்றித் தமிழர்கள் சொன்ன விளக்கங்கள். கேட்டவருடைய மதத்தை எதிர்த்து வாதாடிய பதில்களும் உண்டு. இத்தனையும் எப்படிக் கிடைத்தன? பொதுவாக “உங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தால் யாரும் ஓலை நறுக்கியிருக்கமாட்டார்கள். குறிப்பாகக் கேட்டார், பதில் வரும்வரை பொறுத்தார்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லவேண்டும். 1871இல் மாயூரத்தில், அதாவது நம்முடைய மயிலாடுதுறையில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒரு பதினாறு வயதுப் பையன் பாடம் கேட்க வந்தான். சாமிநாதன். பின்னாளில் உ.வே.சா. வந்த உடனே பிள்ளையவர்கள் நேரில் பாடம் சொல்லிவிடவில்லை. மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் கேட்கச் சொன்னார். பையனுக்கு ஏக்கம். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்து மரங்களில் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறதா என்று காலையில் பார்த்து மகிழ்வார் என்பதைக் கவனித்தான். அவருக்கு முன்பே எழுந்துபோய் எந்த மரத்தில் எங்கே தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்துவைத்து, அவர் வந்ததும் காட்டினான். அவர் மனம் குளிர்ந்தது. பிறகு தன் குறையைச் சொன்னான். நேரில் பாடம் தொடங்கியது. ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு இந்த இடம் மறக்காது.

இதைக் காக்காய் பிடிப்பது என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெரியவரிடம் போகும்போது, தானே கண்டுபிடித்த ஒரு தளிரோடு போனான் அந்தப் பையன். நீங்களும் அப்படிப் போங்கள். பேஸ்புக்கில் எழுதும் நல்ல ஆசிரியர்களுக்கு, “சார், ஆங்கிலம் கற்பிக்க ஐடியா கொடுங்க” என்று எழுதினால் பதில் வராது. “உங்கள் பதிவில் சொன்ன கதை விளையாட்டை நான்காம் வகுப்பில் செய்தேன். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் பேசினார்கள், நால்வர் வாய் திறக்கவில்லை. அந்த நால்வருக்கும் வீட்டில் பேச ஆள் இல்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?” என்று எழுதிப் பாருங்கள். அந்த நால்வர்தான் தளிர். பதில் வரும்.

ஓலை கடல் தாண்டியும் போகும். உங்கள் வகுப்பில் பிள்ளை பேசும் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தூரம் உங்களைத் திணற வைக்கும். இதே தூரத்தோடு சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள் பல வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தமிழ் ஊட்டியவர்களுக்கு உங்கள் கேள்வி புரியும். ஈழத்து இதழ்களையும் பழைய பாடநூல்களையும் தேடுகிறவர்களுக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் திறந்தே கிடக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கற்றல் செயலிக்கு ‘மணற்கேணி’ என்று பெயர். திருக்குறளில் வரும் சொல். இந்தக் கரையில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு அந்தப் பெயரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மேலே நின்று பார்த்தால் மணல்தான் தெரியும்.

ஓலைக்கு இன்னொரு குணம், அதைக் கட்டி வைக்கலாம். போனில் வந்த நல்ல பதில் நாற்பது நாளில் அடியில் போய்விடும். ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் செய்து பார்த்த பலன், மேலே தேதி. பி.எட். படிப்பில் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டியது 20 வாரம். வாரத்துக்கு ஒரு கேள்வி வைத்தாலும் 20 கேள்வி. பார்த்து எழுதிய பாடக்குறிப்பு நோட்டு தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். இந்த நோட்டு போகாது.

அச்சு

மூன்றாவது, எல்லோரும் பார்க்கப் போடுவது. ரீல்ஸ், யூடியூப், பொதுப்பதிவு. அச்சு லேசான காரியமாக இருந்ததில்லை. தமிழ் எழுத்து அச்சேறியது முதலில் 1578இல் கொல்லத்தில், ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலில். தரங்கம்பாடிக்கு ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிது, தாள் போதவில்லை. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையே வைத்துப் பார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சானது. அவ்வளவு பாடு படும்போது, போடத் தகுந்ததுதானா என்று யாராக இருந்தாலும் பத்துத் தடவை யோசிப்பார்கள். நமக்கு ஒரு விரல் தட்டு போதும். யோசிக்க இடைவெளியே இல்லை.

அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்ற மயக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உங்கள் எல்லோர் போனிலும் ஒரு கூம்புப் படம் இருக்கும். படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, பார்த்தால் 30, பிறருக்குக் கற்பித்தால் 90. கருத்தரங்குகளில் இதைப் போடாத ஆள் இல்லை, நானும் போட்டிருக்கிறேன். அடியில் எட்கர் டேல் என்று பெயர் இருக்கும். அவர் அமெரிக்கப் பேராசிரியர். 1946இல் எழுதிய நூலில் ‘அனுபவக் கூம்பு’ என்று ஒரு படம் வரைந்தது உண்மை. அந்தப் படத்தில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. எண்களைப் பிறகு யாரோ ஒட்டினார்கள். மனித நினைவு என்ன அரிசி மூட்டையா, பத்துப் பத்தாக எடை காட்ட? எண்கள் இவ்வளவு அழகாக வரிசை கட்டி நின்றபோதே நமக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

இதில் வேடிக்கை, பிறருக்குக் கற்பித்தால் நாம் கற்கிறோம் என்ற கருத்துக்கு ஆதாரம் தேடி அமெரிக்கா போகவேண்டியதே இல்லை. ஆண்ட்ரூ பெல் என்பவர் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளிக்கு 1789 முதல் பொறுப்பாக இருந்தார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர் ஓர் எட்டு வயதுப் பையனிடம் வகுப்பைக் கொடுத்தார், பையன் சொல்லிக்கொடுத்துவிட்டான். இதை 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கருத்து சரியாகவே இருக்கலாம். 90 என்ற எண்தான் பொய். ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால், நீங்கள் பாதி ஆசிரியர்.

திண்ணையைப் புகழ்ந்துவிட்டேன். அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏற முடியவில்லை, பெண்பிள்ளைகள் அநேகமாக இல்லை. இன்றைய திண்ணையிலும் ஏற முடியாதவர்கள் உண்டு. 2020இல் பள்ளிகள் மூடி வாட்ஸ்அப்பில் பாடம் நடந்தபோது, இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு ஒரு போன். அப்பா கடலுக்குப் போனால் போனும் கடலுக்குப் போகும். உங்கள் பயிற்சி வகுப்பிலும் டேட்டா தீர்ந்துபோன தோழி ஒருத்தி இருப்பாள். குழுவில் வந்ததை அவளுக்கு வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது உங்களுக்கும் ஒரு தடவை புரியும்.

எது எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்பதைத் தூரத்தில் இருக்கும் யாரோ முடிவு செய்வதும் புதிது இல்லை. சீகன்பால்க் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே இருந்த மேலிடம், இது எதற்கு என்று கிடப்பில் போட்டுவிட்டது. அது அச்சானது 1867இல், சென்னையில். 154 வருடம். இன்று மேலிடத்து வேலையை ஒரு கணக்கு நிரல் பார்க்கிறது. ஆசிரியர் பாட்டுக்கு ஆடினால் லட்சம் பேருக்குக் காட்டும். ‘கொ’வுக்கும் ‘கெ’வுக்கும் நடுவில் ஒரு பையன் மாட்டிக்கொண்டிருப்பதைக் காட்டாது. ஆடுவதில் தப்பில்லை, பிள்ளைகளோடு ஆடுங்கள். லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதை நல்ல பாடத்துக்கு அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு சிறிய பள்ளியில் வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுத்துக் கூட்டக்கூட முடியாமல் இருந்தான். நான்கு மாதம் மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஜூலையில் அவன் திக்கித் திணறிப் படித்ததை ஒரு காணொளி எடுத்திருந்தேன். நவம்பரில் சரளமாகப் படித்ததை இன்னொன்று எடுத்து, இரண்டையும் ஒட்டிப் போட்டேன். முதலில் இப்படி, இப்போது இப்படி. பாராட்டு குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவனுடைய அம்மா வந்தார். வயலிலிருந்து நேராக வந்தவர், சேற்றுக்காலோடு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கோபப்படவில்லை. “நல்லா படிக்க வச்சீங்க சார், சந்தோசம். ஆனா அவன் படிக்காத வீடியோதான் சார் ஊரெல்லாம் சுத்துது” என்றார். யாரோ முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்து, சிரிப்புப் பாட்டு போட்டு விட்டிருக்கிறார்கள். பையனுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. நான் பதிவை அழித்தேன். வெட்டியதை யார் அழிப்பது? மணலாக இருந்தால் நான் தடவியிருப்பேன்.

2023இல் வந்த மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் தேவைதான். ஆனால் அந்த அம்மா சொன்ன வாக்கியத்துக்கு மேல் எனக்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. அவனுடைய திணறல் அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த மணல் எழுத்து. அதை அச்சில் ஏற்ற எனக்கு உரிமை கிடையாது. பிள்ளையின் கணக்கைக் காட்டலாம், பிள்ளையைக் காட்டவேண்டாம். உங்கள் கையைக் காட்டுங்கள், உங்கள் துணைக்கருவியைக் காட்டுங்கள், உங்கள் தோல்வியையும் காட்டுங்கள், அவை உங்களுடையவை.

முடிக்கிறேன். வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

சமூக ஊடகம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் நன்றாகப் பேச வரும். உங்களுக்கு அது உதவாது. அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முப்பது பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு ஏதோ ஒன்று சரியாக வராது. அது நிச்சயம். வராததை ராத்திரி உங்கள் எட்டுப் பேருக்குச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவருக்கு ஓலை எழுதுங்கள். செய்து பார்த்து, பலித்து, இன்னொரு தடவையும் பலித்த பிறகு, ஊருக்குச் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். தோன்றாவிட்டாலும் பாதகமில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வந்துவிட்டது அல்லவா?

நானும் பேருந்தில் திரும்பிப் போகும்போது ஒரு வேலை வைத்திருக்கிறேன். காலையில் பதில் இல்லாமல் புதைந்துபோன அந்தத் துணைக்கால் கேள்வியைத் தேடி எடுத்து, கேட்டவருக்குத் தனியாக ஒரு வரி எழுதவேண்டும்: “அந்தப் பையனையே கேட்டீர்களா?”

என் தப்பை இன்று மேடையில் சொல்லிவிட்டேன். இது அச்சாகியும் வரும். உங்கள் தப்பை இன்று ராத்திரி மணலில் எழுதினால் போதும்.